குறைத்த விலையை யார் கொடுப்பது?

வியாபாரிகள் ஆசிரியர்களிடம் யோசனை கேட்டு வருவது அபூர்வம். ஆசிரியனுக்குச் சம்பளத்தை எண்ணத் தெரியுமேயன்றி இலாபத்தை எண்ணத் தெரியாது என்பது கடைத்தெருவின் தீர்ப்பு. அத்தீர்ப்பை நாமும் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதே வழக்கம். ஆகையால், சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது வெள்ளவத்தை இல்லத்துக்கு வந்த நண்பரொருவர் கணக்குக் கொப்பியை மேசைமீது விரித்துவைத்து, "மாஸ்டர், இதற்கு நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்" என்றபோது நமக்குச் சற்று வியப்பே உண்டாயிற்று.

நண்பர் மூன்று சைவ உணவகங்களின் சொந்தக்காரர். ஒன்று வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அண்மையில் உள்ளது, மற்றொன்று பம்பலப்பிட்டியில், மூன்றாவது கொட்டாஞ்சேனையில். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் ஆதலால் 'நண்பர்' என்றே குறிப்பிடுகிறோம். வாலிபத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, பிறர் கடையில் இலை போட்டுப் பரிமாறித் தொழில் கற்று, பின்னர் தாமே முதலாளியானவர். கல்லாப்பெட்டியின் அருகில் இருந்தபடியே சமையலறையில் எந்தக் கறி அடிப்பிடித்தது என்பதை மூக்கினால் அறியக்கூடியவர்.

"மகன் முகாமைத்துவப் படிப்பு முடித்துவிட்டு வந்திருக்கிறான். நாங்களும் ஒரு 'வேல்யூ மீல்' போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இப்போது மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் 500 ரூபாய். அதனோடு 300 ரூபாய்ப் பார்சல் ஒன்றும் கொடுத்தால் மூன்று கடையும் நிரம்புமாம். வேல்யூ என்றால் மதிப்பு என்றுதானே பொருள், மாஸ்டர்? விலையைக் குறைத்தால் மதிப்பு எப்படிக் கூடும்?"

கேள்வி ஒரு கடைக்காரருடையதாயினும், அதன் விடை மூன்று கடைகளுக்குள் அடங்கிவிடுவதன்று. ஆதலால் அன்று மாலை பேசியவற்றை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

கடையை விட்டுப் போனவர்கள்

நண்பரின் குறை யாதெனில், மத்தியானக் கூட்டம் குறைந்துவிட்டது என்பதே. அதன் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டைக் கொழும்புவாசிகள் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. அஃதாவது, முந்திய செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருள்களுக்கு ஏறக்குறைய 195 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். நின்றவர்க்கெல்லாம் கிடைக்கும் என்பதுமில்லை. பின்னர் 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது.

அதன்பின் பணவீக்கம் தணிந்தது உண்மையே. ஆனால் பணவீக்கம் தணிவது வேறு. விலை இறங்குவது வேறு. ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவன் மூச்சு வாங்க நின்றான் என்றால், கீழே இறங்கிவிட்டான் என்று பொருள் கொள்ளலாகாது. எரிவாயு போன்ற சிலவற்றின் விலை இறங்கிற்று. பலவற்றின் விலை ஏறிய படியிலேயே நின்றுவிட்டது. சம்பளமோ அவ்வளவு படிகள் ஏறவில்லை. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகப் பழகினார்கள். நெருக்கடி நீங்கினாலும் பழக்கம் நீங்கவில்லை. வீட்டில் சமைக்க ஆளில்லாதவர்களோ வேறொன்றுக்குப் பழகினார்கள். அது பசியோடிருத்தல்.

இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. அக்காலத்தில் நமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மத்தியான இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது அவன் வாசிகசாலைக்குப் போய்விடுவான். படிப்பில் இவ்வளவு ஆர்வமா என்று நாமும் சில காலம் மகிழ்ந்திருந்தோம். ஒருநாள் சந்தேகங்கொண்டு, "வா தம்பி, சேர்ந்து சாப்பிடுவோம்" என்று அழைத்தோம். "நான் சாப்பிட்டுவிட்டேன், சேர்" என்றான். சில நாட்களின் பின், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், கொட்டாஞ்சேனையில் ஓர் உணவகத்தின் விலைப்பலகைக்கு முன்னால் அவன் நிற்பதைக் கண்டோம். மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தான். கீழிருந்து மேலாக இன்னொருமுறை வாசித்தான். பிறகு உள்ளே போகாமல் நடந்துவிட்டான்.

அது நமது நண்பருடைய உணவகமே. அன்று அவரிடம் நாம் அதைச் சொல்லவில்லை. கணக்குக் கொப்பி விரிந்து கிடந்த இந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னோம். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் போடத்தான் வேண்டும் என்கிறீர்கள்" என்றார்.

"இல்லை, முதலில் கணக்கைப் பார்ப்போம்" என்றோம். இரக்கத்தினால் தொடங்கிக் கணக்கின்றி நடத்தப்படும் காரியம் மூன்று மாதத்தில் மூடப்படும். மூடிய கடை யாருக்கும் சோறு போடாது.

44 பேர் எங்கே?

விளக்கத்தின் பொருட்டு நண்பரின் எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறோம். 500 ரூபாய்ப் பார்சலுக்கு அரிசி, மரக்கறி, தேங்காய், எண்ணெய், எரிவாயு, பொதியும் தாள் எல்லாம் சேர்ந்து 280 ரூபாய் என்க. மிகுதி 220 ரூபாய். அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், மின்கட்டணம், வரி எல்லாம் போக வேண்டும். 300 ரூபாய்ப் பார்சலில் இரண்டு கறியும் அப்பளமும் குறையும். செலவு 210 ரூபாய். மிகுதி 90 ரூபாய்.

மகனுடைய வாதம் இதுதான்: அடுப்பு எப்படியும் எரிகிறது, சமையற்காரர் எப்படியும் நிற்கிறார், வாடகை எப்படியும் போகிறது. ஆகவே புதிதாக ஒருவர் வந்து 300 ரூபாய்ப் பார்சல் வாங்கினால் அந்த 90 ரூபாயும் புதிய வரவுதானே? வாதம் பிழையன்று. ஆனால் அது பாதி வாதம்.

ஒரு கடையில் நாளொன்றுக்கு 200 பேர் 500 ரூபாய்ப் பார்சல் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். பக்கத்தில் 300 ரூபாய்ப் பார்சல் இருப்பதைக் கண்டதும் அவர்களுள் 30 பேர் அதற்கு மாறிவிட்டால் என்ன ஆகும்? மாறிய ஒவ்வொருவராலும் 220 ரூபாய் மிகுதி 90 ரூபாயாகிறது. ஆளுக்கு 130 ரூபாய் இழப்பு. 30 பேருக்கு 3,900 ரூபாய். அதை ஈடுசெய்ய, ஒருநாளும் கடைக்கு வராதவர்கள் 44 பேர் புதிதாக வர வேண்டும். 43 பேர் வந்தால் இன்னும் 30 ரூபாய் நட்டம். மகனுடைய கொப்பியில் அந்த 44 பேரும் தாமாகவே வந்துவிடுகிறார்கள். காலி வீதியில் அப்படி நடக்குமா என்பதே கேள்வி. மேலும், 44 பேருக்குப் பதிலாக 150 பேர் வந்துவிட்டாலும் தொல்லையுண்டு. இன்னோர் அடுப்பும் இன்னொரு சமையற்காரரும் வேண்டிவரும். 'எப்படியும் போகிற செலவு' என்ற வாதம் அங்கே முடிந்துவிடும்.

இக்கணக்கைத் தவறவிட்டவர்கள் சிறு கடைக்காரர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவில் ரெட் லொப்ஸ்டர் என்ற பெரிய உணவகத் தொடர், 20 டொலருக்கு இறால் கேட்கும்வரை கொடுப்பது என்ற சலுகையை 2023இல் நிரந்தரமாக்கியது. (சைவக் கடைக்காரருக்கு இறால் கதை சொல்ல நேர்ந்தமைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னோம்.) கூட்டம் வந்தது. ஆனால் வந்தவர்கள் மலிவானதையே பெருவாரியாக நாடினர். அவ்வாண்டின் ஒரு காலாண்டிலேயே 1 கோடியே 10 இலட்சம் டொலர் நட்டம் என்று அதன் உரிமையாளரான தாய்லாந்துக் கம்பனி தெரிவித்தது. 2024 மே மாதத்தில் அத்தொடர் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கட்டடங்களை விற்றுவிட்டு அவற்றுக்கே வாடகை கொடுத்தது முதலிய வேறு காரணங்களும் அதற்கு உண்டு. இறால் ஒன்றே கவிழ்த்தது என்று சொல்வது நியாயமாகாது. எனினும், சாய்ந்து நின்ற சுவரை அது உந்திவிட்டது.

"கூட்டம் வருவது வேறு, வரவு வருவது வேறு என்கிறீர்கள்" என்றார் நண்பர். அதுவே அதன் சாரம்.

ஐந்து சட்டைப்பைகள்

இவ்விடத்தில் நாம் நண்பருக்கு ஒரு வினாவை எழுப்பினோம். 500 ரூபாய்ப் பொருளை 300 ரூபாய்க்குக் கொடுக்கும்போது அந்த 200 ரூபாய் மறைந்துவிடுவதில்லை. அதை யாரோ ஒருவர் கொடுக்கிறார். அவர் யார்? ஆராய்ந்தால் ஐந்து சட்டைப்பைகளுள் ஒன்றிலிருந்துதான் அது வர வேண்டும்: முதலாளியின் பை, தொழிலாளியின் பை, சரக்குத் தருபவரின் பை, உண்பவரின் பை, பொதுமக்களின் பை.

முதலாளி தாமே கொடுப்பதாயின் அது அவருடைய விருப்பம். ஆனால் தீர்மானிப்பவர் ஒருவர், கொடுப்பவர் மற்றொருவர் என்றால் சண்டை வரும். 2009இல் பர்கர் கிங் நிறுவனம் இரட்டைப் பாலாடைக்கட்டிப் பர்கரை 1 டொலருக்கு விற்க வேண்டுமென்று விதித்தது. கடைகளைச் சொந்தமாக நடத்தும் உரிமக்காரர்களோ, அதைச் செய்துகொடுக்கக் குறைந்தது 1.10 டொலர் செலவாகிறது என்று கூறி வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டில் அதன் விலை 1.19 டொலராயிற்று. இக்கதையைக் கேட்டு நண்பர் சிரித்தார். அவருடைய மூன்று கடைக்கும் முதலாளி ஒருவரே என்பது அவர் தைரியம்.

பொதுமக்களின் பைக்கு உதாரணம் தமிழ்நாட்டின் அம்மா உணவகம். 2013 பெப்ரவரியில் சென்னையில் ஜெயலலிதா தொடக்கிவைத்த அவ்வுணவகங்களில் இட்லி 1 ரூபாய், தயிர்ச்சோறு 3 ரூபாய், சாம்பார்ச்சோறு 5 ரூபாய் என்று இந்திய நாணயத்தில் விலை வைக்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தனர். குறைந்த பணத்தை மாநகராட்சி ஏற்றது. பாரம் தூக்குவோரும் முச்சக்கர வண்டி ஓட்டுவோரும் மட்டுமன்றி, அலுவலகத்தாரும் மாணவரும் அங்கே நின்று சாப்பிட்டனர். போற்றத்தக்க ஏற்பாடு, ஆயினும் அது அரசின் காரியம். நமது நண்பருக்குப் பின்னால் எந்த மாநகர சபையும் இல்லை.

இனி உண்பவரின் பையும் தொழிலாளியின் பையும். இவற்றிலிருந்து எடுப்பதே மிக எளிது. ஏனெனில் எடுப்பது கண்ணுக்குத் தெரியாது. 1981இல் சென்னை கே.கே. நகரில் சரவண பவனைத் தொடங்கிய பி. ராஜகோபாலுக்கு, தரங்குறைந்த சரக்கை வாங்கி ஆட்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கும்படி ஒருவர் யோசனை சொன்னாராம். அவர் அந்த ஆலோசகரை விலக்கிவிட்டு, தேங்காய் எண்ணெயும் நல்ல மரக்கறியும் வாங்கி, ஆட்களுக்குக் கூடுதலாகக் கொடுத்து, பண்டங்களை 1 ரூபாய் விலையில் விற்றதாகவும், முதலில் மாதம் 10,000 ரூபாய் நட்டப்பட்டதாகவும் கூறியிருக்கிறார். பின்னர் அந்த உணவகம் பல நாடுகளில் கிளைவிட்டதை யாவரும் அறிவர். அம்மனிதரின் பிற்கால வாழ்வில் கொலைக் குற்றமும், 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த ஆயுள் தண்டனையும் வந்து சேர்ந்தன. ஆகவே மனிதரை முன்மாதிரியாக நாம் காட்டவில்லை. அந்த ஒரு தீர்மானத்தை மட்டுமே காட்டுகிறோம்.

பெங்களூரில் 1924இல் தொடங்கப்பட்ட மாவள்ளி டிபன் ரூம்ஸ், அஃதாவது எம்.டி.ஆர்., இன்னொரு பாடம். 1975இல் இந்தியாவில் நெருக்கடிநிலை வந்தபோது, உணவகங்கள் மிகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டுமென்று அரசு கட்டுப்படுத்தியது. அவ்விலையில் தங்கள் தரத்தைக் காக்க இயலாதென்று கண்ட எம்.டி.ஆர்., தரத்தைக் குறைப்பதற்குப் பதிலாக உணவகத்தை மூடியது. அக்காலத்தில் பொதி செய்த மாவகைகளை விற்கத் தொடங்கி, அதனால் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. உணவகமும் பின்னர் திறக்கப்பட்டது. அதே எம்.டி.ஆரின் வரலாற்றில் இதற்கு முந்திய செய்தியொன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அரிசி கிடையாமற்போகவே, ரவையில் இட்லி அவித்துப் பார்த்தார்களாம். அதுவே ரவா இட்லியின் பிறப்பு என்பது அந்த உணவகத்தார் கூறும் கதை.

இந்த ரவா இட்லிதான் நாம் நண்பருக்குச் சொல்லவந்த விஷயம். அங்கே குறைந்த செலவை எவருடைய பையும் கொடுக்கவில்லை; யோசனை கொடுத்தது. வீணையும் வழக்கத்தையும் குறைத்து உண்டாக்கும் மலிவு ஒன்று உண்டு. அந்த ஒன்றே நேர்மையான மலிவு.

அடுக்களையிலிருந்து வந்த வினா

"சரி, உங்களுடைய 300 ரூபாய் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம்.

நண்பர் கொப்பியைப் புரட்டினார். எண்ணெயை மாற்றுவது, பரிமாறுவோரில் கடைக்கு ஒருவரை நிறுத்துவது, இரவுக்கு இடியப்பம் அவிக்க இயந்திரம் ஒன்று வாங்கி, அதற்கும் மலிவுப் பொதி போடுவது. மகன் அழகான எழுத்தில் எழுதியிருந்தான். எண்ணெய் உண்பவரின் பை. நிறுத்தப்படும் ஆள் தொழிலாளியின் பை. மூன்றாவது யாருடைய பை என்று நமக்கு உடனே புலப்படவில்லை.

தேநீர் கொண்டுவந்த நமது இல்லாளுக்குப் புலப்பட்டது. "அண்ணை, இப்போது உங்களுக்கு இடியப்பம் அவித்துத் தருகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள்.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் வசிப்போர் இதை அறிவர். விடியுமுன் எழுந்து மா குழைத்து, இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துப் பிழைக்கும் பெண்கள் எத்தனையோ பேர். சிலர் கணவனை இழந்தவர்கள். சிலர் பிள்ளையைப் படிக்கவைப்பதற்காக ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் இருப்பவர்கள். காலையும் இரவும் அவர்களுடைய சந்தை. மூன்று கடைகளின் இயந்திரம் மலிவுப் பொதியோடு அச்சந்தையில் இறங்கினால், சரக்குத் தருபவரின் பை என்று நாம் ஏட்டில் எழுதியது, உண்மையில் அந்தப் பெண்களின் முந்தானை முடிச்சு.

நண்பர் தேநீரை ஆறவிட்டார். "தங்கச்சி, அவர்களில் ஒருவர் எனக்குப் பதினைந்து வருடமாகத் தருகிறவர். அவவின் பிள்ளையின் கலியாணத்துக்கும் போயிருக்கிறேன். கொப்பியில் அது தெரியவில்லை" என்றார்.

கொப்பியில் தெரியாதவை பல உண்டு. அதனால்தான் போலும், வியாபாரிகள் சிலவேளை ஆசிரியர்களிடமும் அவர்தம் மனைவியரிடமும் வருகிறார்கள்.

பின்னர் நண்பர் இன்னோர் ஐயத்தை எழுப்பினார். "வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறேன். பசித்தவர் அங்கே வரலாமே. கடையிலும் ஏன் தர்மம்?"

அன்னதானத்தின் பெருமையைச் சைவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மணிமேகலையின் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. அதற்குக் கணக்குக் கொப்பி வேண்டியதில்லை. நண்பருடைய சோற்றுப்பானையோ எடுத்தால் குறைவது. அதற்குக் கணக்கு வேண்டும். எனினும், "சாப்பிட்டுவிட்டேன், சேர்" என்று சொன்ன அந்த மாணவனை நாம் மறக்க இயலாது. அவன் கேட்டது தானமன்று. தன் கையிலிருந்த சிறு பணத்தைக் கொடுத்து, கணக்குத் தீர்த்து, நிமிர்ந்து வெளியேறக்கூடிய ஒரு சாப்பாட்டையே தேடினான். காசு கொடுத்து உண்பதிலும் ஒரு மானம் உண்டு. அந்த மானத்தை விற்பனை செய்யக்கூடிய இடம் கோயிலன்று, கடைதான்.

நாம் சொன்ன முடிவு

ஆகவே, போடலாம் என்பதே நமது முடிவு. ஆனால் இப்படிப் போடலாம்.

முதலாவது, மூன்று கடையிலும் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் மட்டும், வேலை நாட்களில் மட்டும், மத்தியானம் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேர் புதியவர், எத்தனை பேர் மாறியவர் என்று நாள்தோறும் குறிக்க வேண்டும். 44 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவைத்தாலும் தவறில்லை. நட்டம் வந்தால் ஒரு கடையோடு நிற்கும்.

இரண்டாவது, கறிப்பட்டியலை முன்கூட்டி எழுதலாகாது. பேலியகொடை மெனிங் சந்தையில் அன்று காலை எது மலிந்து கிடக்கிறதோ அதுவே அன்றைய கறி. ஒருநாள் பூசணி, மறுநாள் பலாக்காய், இன்னொருநாள் மரவள்ளி. கப்பலில் வரும் பருப்பை நாள்தோறும் நம்பியிராமல் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரைச் சம்பலும் சொதியும் கொடுக்கலாம். வட மாகாணத்தில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள், உள்ளூர்ப் பொருள்களில் எவ்வளவு சுவையாகச் சமைக்கலாம் என்பதைக் காட்டியிருக்கின்றன. கறி மூன்று போதும். ஆனால் சோற்றில் மாத்திரம் கை வைக்கலாகாது. பசித்து வருகிறவன் முதலில் எண்ணுவது கறியையன்று.

மூன்றாவது, எண்ணிச் சமைக்க வேண்டும். நாள்தோறும் பிற்பகலில் எவ்வளவு சோறு வெளியே போகிறது என்று கேட்டபோது நண்பர் உடனே விடை சொல்லவில்லை. வற்புறுத்தியபின், "கடைக்கு ஒரு வாளி இருக்கும்" என்றார். அந்த வாளியில்தான் 300 ரூபாய்ப் பார்சலின் ஒரு பங்கு இருக்கிறது. மேலும், பொலித்தீன் சாப்பாட்டுத் தாள் 2017இல் தடைசெய்யப்பட்டபின் பொதி செய்வதும் ஒரு செலவாகிவிட்டது. சொந்தப் பாத்திரம் கொண்டுவருவோருக்குச் சிறு தொகை கழித்துக் கொடுக்கலாம். நமது தந்தையார் காலத்தில் டிபன் கரியர் தூக்கிச் செல்வதை எவரும் குறைவாக நினைத்ததில்லை.

நான்காவது, எண்ணெயை மாற்றலாகாது, ஆளை நிறுத்தலாகாது, இரவு இடியப்பத்தை அந்தப் பெண்களுக்கே விட்டுவிட வேண்டும்.

ஐந்தாவதே மிக முக்கியமானது. மலிவுச் சாப்பாடு என்று பலகை எழுதலாகாது. அதற்கு வேறு வரிசை, வேறு மேசை, வேறு நிறச் சீட்டு எதுவும் வேண்டாம். 'இன்றைய சாப்பாடு' என்று பெயரிட்டு, 500 ரூபாய்ப் பார்சல் கொடுக்கும் அதே கையால், அதே முகத்தோடு கொடுக்க வேண்டும். முதலாளியும் மத்தியானத்தில் அதையே உண்ண வேண்டும். விலை குறைந்த சாப்பாட்டை வாங்குகிறவர் மற்றவர் பார்வையில் குறைந்துவிடுவாரானால், 'நான் சாப்பிட்டுவிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பசியோடு போகிறவர்கள் அப்படியே போய்க்கொண்டிருப்பார்கள். நண்பர் தேடும் 44 பேரும் அவர்களுள் தான் இருக்கிறார்கள்.

நண்பர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். நான்கை ஏற்றார். முதலாளி அதையே உண்ண வேண்டும் என்றதற்கு மட்டும், "மாஸ்டர், வீட்டில் அவ என்ன சொல்வாவோ தெரியாது" என்றார். மகனிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. மகனுடைய கணக்கில் பிழையில்லை என்று முதலில் சொல்லுங்கள். அதில் சிலருடைய பெயர்கள் விடுபட்டிருக்கின்றன என்று பிறகு சொல்லுங்கள் என்றோம்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர் திரும்பி, "அந்தப் பொடியன் இப்போது எங்கே, மாஸ்டர்?" என்று கேட்டார். படிப்பை முடித்து ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றோம். "நல்லது. ஒருநாள் கொட்டாஞ்சேனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணக்கைப் பார்த்துச் சொல்லட்டும். சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொள்வேன்" என்றார்.

வாங்கத்தான் வேண்டும்.